சர்வீஸ் ரெக்கார்டில் பிழை: ரெக்கார்ட்ஸுக்கு எழுதுவதா, அப்பீலா, தீர்ப்பாயமா?

முன்னாள் படைவீரர் ஒருவரின் சர்வீஸ் ரெக்கார்டில் தப்பு இருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அது எழுதும்போது நேர்ந்த தப்பா, இல்லை ஓர் அதிகாரியோ மெடிக்கல் போர்டோ யோசித்து எடுத்த முடிவா? மனைவி பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, ஏறாமல் போன பதக்கம், கணக்கில் விடுபட்ட சில மாதப் பணி, இதெல்லாம் முதல் வகை. 'இந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை' என்று மெடிக்கல் போர்டு எழுதிய வரி, ரெட் இங்க் என்ட்ரி (தண்டனை பெற்றதைச் சிவப்பு மையில் எழுதும் பதிவு), டிஸ்சார்ஜுக்குச் சொல்லப்பட்ட காரணம், இவை இரண்டாவது வகை. முதல் வகையை, உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் திருத்தும். இரண்டாவதை அங்கே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திருத்த முடியாது. அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது.

இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் பலர் அலைகிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்கு வக்கீலைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. அதில் பணம்தான் வீண். மறுபக்கம், மெடிக்கல் போர்டின் முடிவை மாற்றச் சொல்லி ரெக்கார்ட்ஸுக்கு மனு மேல் மனு போட்டுக் காத்திருப்பவர்கள். இவர்களைப் பார்த்தால்தான் மனது கேட்காது. ஒவ்வொரு மனுவுக்கும் மரியாதையான ஒரு பதில் வரும், அதற்குள் அப்பீலுக்கான காலம் போய்விடும், உரிமை இருந்தும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எந்த வழி என்று முடிவு செய்யும் முன், தப்பு எந்தக் காகிதத்தில் பிறந்தது என்று பாருங்கள்.

ராணுவத்தில் ஒரு விவரம் எப்படிப் பதிவாகிறது என்பது சேர்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர், அதாவது அந்த விவரத்தைப் பதிவு செய்யும் உத்தரவு, போடுவார்கள். அது ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போய், வீரரின் பணி விவரமெல்லாம் உள்ள ஷீட் ரோலில் ஏறும். வெளியே வரும்போது அந்த ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் காகிதங்களும் தயாராகும். அவற்றை வைத்துப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகம் பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) போடும். இப்போது அந்த பிபிஓ விவரங்கள் எல்லாம் பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் ஏறியிருக்கின்றன. ஆக, ஸ்பர்ஷில் நீங்கள் பார்க்கும் பிழை ஸ்பர்ஷில் நேர்ந்ததாக இருக்கலாம், பிபிஓ அடிக்கும்போது நேர்ந்திருக்கலாம், அல்லது முப்பது வருஷத்துக்கு முன் ஒரு யூனிட் கிளார்க் பார்ட் டூ ஆர்டரில் எழுதியதாகவும் இருக்கலாம். ஷீட் ரோல் சரியாக இருந்து பிபிஓ மட்டும் தப்பு என்றால் வேலை சுலபம். மூலத்திலேயே தப்பு என்றால் அங்கிருந்து திருத்திக்கொண்டு வர வேண்டும். கீழே மட்டும் திருத்தக் கேட்டால், 'எங்கள் பதிவுப்படி சரியாகத்தான் இருக்கிறது' என்று பதில் வரும், அவர்கள் சொல்வதும் அவர்கள் பக்கத்தில் சரிதான்.

மூலத்தைப் பார்க்க மலிவான வழி ஆர்டிஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரு மத்திய அரசு அலுவலகத்திடம் கேட்கக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள் கெடு. மத்திய அரசின் ஆர்டிஐ தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 'என் ரெக்கார்டில் ஏன் தப்பு?' என்று கேட்காதீர்கள். ஆர்டிஐயில் விளக்கம் கிடைக்காது, ஆவணம்தான் கிடைக்கும். ஷீட் ரோலின் நகல், இன்ன வருஷத்தில் குடும்ப விவரத்துக்காகப் போட்ட பார்ட் டூ ஆர்டரின் நகல், ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ராணுவ எண், ரேங்க், பெயர், ரெஜிமென்ட், வெளியே வந்த தேதி ஆகியவற்றை எழுதி, அடையாள அட்டை நகலையும் இணைத்துவிட்டால், 'இது மூன்றாம் நபரின் தகவல்' என்று தட்டிக்கழிக்க வழியிருக்காது.

ஆர்டிஐ எதையும் திருத்தித் தராது. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அதுதான் காட்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் அடுத்த எந்த வழியிலும் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். விதிவிலக்கு ஒன்று: அப்பீலுக்கான காலம் முடியப் போகிறது என்றால், முதலில் அப்பீலைப் போட்டுவிட்டு நகலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, மூலத்தில்தான் எழுத்துப் பிழை என்று தெரிந்துவிட்டது. அப்போது போக வேண்டிய இடம் உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈஎம்ஈ என்றால் செகந்திராபாத். கடற்படை மாலுமிகளுக்கு மும்பையில் பியூரோ ஆஃப் செய்லர்ஸ், விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் ரெக்கார்ட் ஆபீஸ். மனுவை நேரடியாகவும் அனுப்பலாம். ஆனால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. இன்னும் சைனிக் போர்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதே அலுவலகம்தான். அங்கே உள்ள எழுத்தர்களுக்கு எந்த ரெக்கார்ட்ஸ் எந்தப் படிவத்தைக் கேட்கும் என்பது அத்துப்படி. அவர்களின் முகப்புக் கடிதத்தோடு போகும் மனுவுக்குச் செலவும் இல்லை. காகிதம் குறைந்தால் உங்களுக்குத் தமிழிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வசதியே பெரிய விஷயம், குறிப்பாக மனு போடுவது கணவரை இழந்த ஒரு அம்மாவாக இருக்கும்போது.

நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் வரும் பிழை பெயரில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கருப்பையா மகன் முருகேசன், மனைவி செல்லம்மாள் என்று வைத்துக்கொள்வோம். வடநாட்டில் ஒரு யூனிட்டில் தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியதில் அவர் 'செல்லம்மா' ஆகிவிட்டார், கடைசி எழுத்து போயிற்று. ஆதாரில் அவர் பெயர் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது, ஷீட் ரோலில் 'சி, ஹெச்' என்று தொடங்குகிறது. வாக்காளர் அட்டையில் கணவர் பெயரின் இனிஷியல், பான் கார்டில் கல்யாணத்துக்கு முந்தைய அப்பா பெயரின் இனிஷியல். முருகேசனுக்கோ பிபிஓவில் கருப்பையா குடும்பப் பெயர்போல் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆதாரில் வெறும் 'கே' மட்டும். ஊரில் எவரைக் கேட்டாலும் இது ஒரே குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள். கணினி சொல்லாது. முருகேசன் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. அவர் காலமான பிறகு குடும்ப பென்ஷனுக்கு அந்த அம்மா ஆதாரை நீட்டும்போதுதான், 'இவர் வேறு நபரோ' என்ற சந்தேகம் எழும். அதனால்தான் சொல்கிறேன், மனைவி பெயர், பிறந்த தேதி விஷயத்தில் தள்ளிப்போட வேண்டாம். திருத்தம் கேட்பவர் உயிரோடு இருக்கும் பென்ஷனராக இருந்தால் அவருடைய சொந்தக் கையெழுத்தே பெரிய சாட்சி. அவருக்குப் பிறகு அதே திருத்தத்துக்கு விசாரணையும் சான்றுகளும் பல மடங்கு கூடும்.

பிறந்த தேதியும் சாதாரண விஷயம் இல்லை. குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயதானால் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-இல் அது 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் முழுசாக 100 சதவீதம். மனைவியின் பிறந்த தேதி பதிவில் இல்லாமலோ, வயது ஐந்து வருஷம் குறைவாகத் தெரியும்படியோ இருந்தால், 80 வயதுக் கிழவி ஒருவர் 75 வயதுக்காரராகக் கணக்கில் நின்று, ஐந்து வருஷம் அந்தத் தொகையை இழப்பார்.

பெயர்த் திருத்தத்துக்குப் பொதுவாக ஆதார், பான் போன்ற அடையாளச் சான்றுகளும், இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்த பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள். பெயரே பெரிதும் மாறியிருந்தால் பத்திரிகை விளம்பரமோ அரசிதழ் அறிவிப்போ கேட்கலாம். ஒரு யோசனை: ரெக்கார்டை ஆதாருக்கு ஏற்ப மாற்றுவதைவிட ஆதாரை ரெக்கார்டுக்கு ஏற்ப மாற்றுவது சில சமயம் சீக்கிரம் முடியும். ஓர் எழுத்து அல்லது இனிஷியல் வித்தியாசம் மட்டும் என்றால், டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கொண்டுவர முடியுமா என்று முதலில் பாருங்கள். பெயர் அடியோடு தப்பாக இருந்தால் இது பலிக்காது, ரெக்கார்டைத்தான் திருத்த வேண்டும்.

திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டால் ரெக்கார்ட்ஸ் பார்ட் டூ ஆர்டர் போட்டு, பிரயாக்ராஜுக்கு எழுதி, கொரிஜண்டம் பிபிஓ (திருத்திய பென்ஷன் உத்தரவு) வரவழைக்கும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், யாரையும் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த வழியின் ஒரே குறை, எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான்.

ஸ்பர்ஷில் நேரடியாகவே திருத்தலாமே என்று கேட்கலாம். முகவரி, கைபேசி எண், வங்கிக் கணக்கு இவற்றுக்கு அதுதான் சரியான இடம். ரெக்கார்ட்ஸுக்கு எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெயர், பிறந்த தேதி, குடும்ப உறுப்பினர் என்று வந்துவிட்டால் ஸ்பர்ஷில் நீங்கள் போடும் கோரிக்கையும் சரிபார்ப்புக்கு ரெக்கார்ட்ஸுக்குத்தான் போகும். அதாவது அது அஞ்சல் வேலையை மிச்சப்படுத்தும், கோரிக்கை எண் ஒன்றும் கிடைக்கும். ஷீட் ரோல் சரியாக இருந்து ஸ்பர்ஷில் மட்டும் பிழை என்றால், ஷீட் ரோல் நகலை இணைத்து இங்கேயே போடுங்கள்.

மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளமும், முன்னாள் படைவீரர்களின் பென்ஷன் குறைகளுக்காக 2022 ஜனவரியில் தொடங்கிய பாதுகாப்பு அமைச்சகத்தின் தனித் தளமும் இருக்கின்றன. இவற்றை வேறொரு வழி என்று நினைக்காதீர்கள். அங்கே யாரும் உங்கள் ரெக்கார்டை எடுத்துவைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. புகார் அதே ரெக்கார்ட்ஸ் மேஜைக்குத்தான் போய்ச் சேரும். வித்தியாசம் என்னவென்றால், மேலிடம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதால் தூங்கும் ஃபைல் எழும். மனு போட்டு மூன்று, நான்கு மாதம் சத்தமே இல்லை என்றால் இதைப் பயன்படுத்துங்கள். மனு போட்ட மறுநாளே போட்டால், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள். மெடிக்கல் போர்டு, டிஸ்சார்ஜ் போன்ற முடிவுகளை எதிர்த்து இங்கே புகார் போடுவதில் பயனே இல்லை. ஆபத்துதான் உண்டு, ஏனென்றால் இந்தத் தளங்களில் காத்திருக்கும் நாட்களுக்காக அப்பீலுக்கான காலம் நின்று காத்திருக்காது.

இனி இரண்டாவது வகை.

இதில் பெரும்பாலானவை ஊனமுற்றோர் பென்ஷன் சம்பந்தப்பட்டவை. வெளியே வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு ரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகுத்தண்டு, காது என்று ஏதோ ஒன்றைப் பதிவு செய்திருக்கும். சதவீதமும் போட்டிருக்கும். ஆனால் அது பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஊனப் பங்கு பென்ஷன் கிடையாது. அந்த வரியை ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது. அதற்கு முதல் அப்பீல் கமிட்டி, அங்கும் மறுத்தால் இரண்டாம் அப்பீல் கமிட்டி என்று ஏற்பாடு இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும். கடித உறையை எறிய வேண்டாம், அதில் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதி பிறகு உதவும்.

இந்த அப்பீலுக்குத் தெம்பு தரும் தீர்ப்பு ஒன்று உண்டு. தரம்வீர் சிங் என்ற சிக்னல்ஸ் படைவீரர் 1985-இல் சேர்ந்து, வலிப்பு நோய் காரணமாக 1994-இல் வெளியே அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று போர்டு எழுதியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், சம்பந்தமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, காரணம் சொல்லாமல் போர்டு ஒரு வரியில் மறுக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே உங்கள் மெடிக்கல் போர்டு நகலை வாங்கி, காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அச்சடித்ததுபோல் ஒரே வரி என்றால் உங்கள் பக்கம் வலுவானது. எந்தெந்த இடத்தில் போஸ்டிங் இருந்தது, உயரமான மலைப் பகுதியா, நோய் முதலில் எப்போது, எங்கே தெரிந்தது என்று வரிசையாக எழுதி அப்பீலில் வையுங்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்தும். அவர்கள் பழைய தீர்ப்பை அப்படியே நம்பாமல் அந்த விதிகளையும் படித்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கைப் பார்த்தால் இந்தச் சண்டை ஏன் வேண்டும் என்பது புரியும். முழு ஊனத்துக்கு ஊனப் பங்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்த ஊனத்துக்கு அந்த விகிதத்தில். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 20 சதவீதம் என்றால் மாதம் 2,400 ரூபாய். ஐம்பதுக்குக் கீழ் உள்ளதை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிடும் முறைப்படி அது 6,000 ரூபாய் ஆகும். பணிக்காலத்தை முழுதாக முடித்து வந்தவர்களுக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லிவிட்டது. இதோடு அகவிலைப்படியும் சேரும். ஆயுள் முழுக்க வரும் தொகை இது.

அப்பீல் இலவசம், எழுதத் தெரிந்தால் வக்கீல்கூட வேண்டாம். ஆனால் கமிட்டிகளில் மறுப்பு வர நிறைய வாய்ப்புண்டு என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள். அங்கே நீங்கள் எழுதுவதுதான் பிறகு தீர்ப்பாயத்தில் அடிப்படையாக நிற்கும். ஆகவே கெஞ்சல் நடை வேண்டாம், ஆவணமும் தேதியும் போதும்.

அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஏஎஃப்டி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2009 ஆகஸ்டில் தொடங்கியது. முதன்மை அமர்வு டெல்லியில், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது. ரெக்கார்ட்ஸ் வெலிங்டனிலோ ஜபல்பூரிலோ இருந்தாலும், ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கும் பகுதிக்கான அமர்விலேயே மனு போடலாம். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவரும், முப்படைகளில் ஒன்றில் உயர் பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். மெடிக்கல் போர்டு நடவடிக்கை என்றால் என்ன, ரெட் இங்க் என்ட்ரி எப்படி விழும் என்று முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை என்பது பெரிய அனுகூலம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் ஊனப் பென்ஷன், டிஸ்சார்ஜ் வழக்குகளில் இந்தத் தீர்ப்பாயத்திலேயே பழகிய வக்கீலை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

எது எதற்கு இங்கே வரலாம்? அப்பீல்கள் முடிந்தும் மறுக்கப்பட்ட ஊனப் பென்ஷன். நான்கு ரெட் இங்க் என்ட்ரி விழுந்தது என்பதை மட்டும் வைத்து, விசாரணை எதுவும் இல்லாமல் அனுப்பப்பட்ட டிஸ்சார்ஜ். வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், நான்கு என்ட்ரி விழுந்தவுடன் தானாகவே டிஸ்சார்ஜ் ஆகிவிடாது, முறையான விசாரணையும் மற்ற சூழ்நிலைகளின் பரிசீலனையும் வேண்டும் என்று சொன்னது. சிப்பாய்க்குப் பென்ஷனுக்கு 15 வருஷத் தகுதிப் பணி வேண்டும். லீவில் இருந்த நாட்களை 'சொல்லாமல் போனது' என்று பதிவு செய்து, அதனால் 15-க்குச் சில மாதம் குறைந்துபோனவர்களும் ரெக்கார்ட்ஸ் மறுத்தால் இங்கே வரலாம். ஒரு வருஷம் வரையிலான குறைவை மன்னிக்க விதியிலேயே இடமுண்டு என்பதால், அந்தக் கோரிக்கையை ரெக்கார்ட்ஸில் முதலில் வைத்துப் பாருங்கள்.

தீர்ப்பாயத்தில் கவனிக்க வேண்டியது காலம். இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். சட்டப்படியான மனுவுக்குப் பதிலே வரவில்லை என்றால் 6 மாதம் காத்திருந்து, அடுத்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். அப்பீல் போல் படைக்குள்ளேயே இருக்கும் வழிகளைப் பார்த்துவிட்டு வராதவரின் மனுவைச் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தேன்' என்பது போதிய காரணம் ஆகாது. திரும்பத் திரும்ப மனு போடுவதால் கெடு நீளாது என்று எஸ்.எஸ். ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு அரசுத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் 2008-இலும், காலாவதியான கோரிக்கைக்கு ஓர் அலுவலகம் பதில் எழுதிவிட்டது என்பதால் அதற்குப் புதிதாக உயிர் வந்துவிடாது என்றது.

பென்ஷன் விஷயத்தில் மட்டும் ஒரு ஆறுதல் உண்டு. மாதாமாதம் குறைவாகக் கொடுப்பது மாதாமாதம் தொடரும் தவறு என்பதால், பல வருஷம் கழித்து வந்தாலும் வழக்கை ஏற்கலாம். ஆனால் பாக்கித் தொகை பெரும்பாலும் வழக்குப் போடுவதற்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும்தான். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் வந்த முடிவு இது. வெளியே வந்து பல வருஷம் ஆகிவிட்டதே என்று கைவிட்டவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஊனப் பென்ஷனுக்கு இன்னும் வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத் தொகை போகிறது. டிஸ்சார்ஜையே எதிர்ப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஒரே நாளில் நடந்து முடிந்த செயல்.

உயர் நீதிமன்றத்துக்கே நேராகப் போய்விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2015-இல் வந்த ஒரு தீர்ப்பால் தீர்ப்பாய உத்தரவுகளை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாத நிலை இருந்தது. 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் அது மாறியது. இப்போது தீர்ப்பாயத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றத்தை அணுகலாம், டெல்லி வரை போய் உச்ச நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் முதல் படியாக உயர் நீதிமன்றம் போனால், தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற படைகளில் இருந்தவர்கள் விஷயம் வேறு. அவர்கள் இந்தத் தீர்ப்பாயத்தின் வரம்பில் வரமாட்டார்கள், அவர்களுக்கு உயர் நீதிமன்றம்தான்.

குடும்ப நீதிமன்றத்துக்கும் ஒரு இடம் உண்டு. ரெக்கார்டில் முதல் மனைவியின் பெயர் இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்தில் பிரிந்துவிட்டார்கள், இரண்டாவது மனைவிதான் இத்தனை வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டார் என்ற நிலை இருந்தால், எத்தனை பிரமாணப் பத்திரம் கொடுத்தாலும் ரெக்கார்ட்ஸ் ஏற்காது. யார் சட்டப்படியான மனைவி என்று அங்கே முடிவு செய்ய முடியாது. நீதிமன்ற ஆணை கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். இதில் ரெக்கார்ட்ஸோடு மல்லுக்கட்டாமல் நேரே குடும்ப நீதிமன்றம் போவதே குறுகிய வழி. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

தன் சொந்தப் பிறந்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்ற நினைப்பவர்களுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். சேரும்போது கொடுத்த தேதியைப் பணியின் ஆரம்ப வருஷங்களில் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். கடைசிக் காலத்தில் கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1993-இல் ஹர்னாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றுவரை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் சரியான தேதி இருந்து, ரெக்கார்டில் ஏற்றும்போது எண் மாறிப்போனது என்று அவர்களுடைய ஆவணமே காட்டினால் அது எழுத்துப் பிழை. அதை மட்டும் கேட்கலாம்.

பென்ஷன் இல்லாமல் சில வருஷப் பணியோடு வெளியே வந்தவர்கள் வேகமாகச் செயல்பட வேண்டும். அவர்களுடைய ஆவணங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழிக்க ராணுவ விதியில் இடம் உண்டு. அதற்குப் பிறகு லாங் ரோல் என்ற பேரேட்டில் உள்ள சில வரிகள்தான் மிஞ்சும். 1990-களில் வந்தவர்கள் பலருக்கு இந்தக் கெடு ஏற்கனவே தாண்டிவிட்டது. அவர்கள் ஆர்டிஐயில் லாங் ரோல் பதிவின் நகலையும், ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால் அதற்கான உத்தரவின் நகலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக், பழைய சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் காகிதம் எதுவும் இனி வெறும் நினைவுப் பொருள் இல்லை, ஆதாரம். லேமினேஷன் செய்யாமல் ஸ்கேன் எடுத்து வையுங்கள். லேமினேஷன் செய்த மூலத்தைச் சில அலுவலகங்கள் ஏற்க மறுக்கின்றன.

எந்த வழியில் திருத்தம் வந்தாலும், கொரிஜண்டம் பிபிஓவின் நகலை வாங்கி, ஸ்பர்ஷில் அதே விவரம் ஏறியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறகு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் அட்டையும் சைனிக் போர்டு அடையாள அட்டையும் அதே பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்து, மாறியிருந்தால் கொரிஜண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காகிதம் எந்த ஃபைலில் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். ஸ்பர்ஷ் தளத்தின் கடவுச்சொல்லையும் அவர்களிடம் கொடுத்துவையுங்கள்.